திருப்திப் பெட்டி

அம்மாவும் நானும் சேர்ந்து கடைசியாகச் செய்த வேலை, ஒரு பெட்டியின் திருகாணிகளைக் கழற்றியது.

சனிக்கிழமை மத்தியானம். சாப்பாட்டு மேஜையில் பழைய துண்டை விரித்து, அதன்மேல் பெட்டியைக் குப்புறப் போட்டிருந்தோம். என் கையில் ஸ்க்ரூடிரைவர். அம்மா கையில் டார்ச். அவளுக்கு டார்ச் பிடிக்க ஒரே ஒரு விதம்தான் தெரியும். பாதி வாழ்நாள் தொண்டைகளைப் பார்த்த கை அது. வெளிச்சம் பெட்டியை விட்டுவிட்டு என் வாய்க்குள்ளேயே விழுந்துகொண்டிருந்தது.

"அம்மா, பெட்டியப் பாரு. என் தொண்டை நல்லாத்தான் இருக்கு."

"கொஞ்சம் சிவந்திருக்கே. ஐஸ் தண்ணி குடிச்சியா?"

பெட்டி அவள் வேலை பார்த்த ஆஸ்பத்திரியுடையது. ஒரு செங்கல் அளவு இருக்கும். முன்பக்கம் மூன்று முகங்கள். சிரிக்கிற பச்சை, வாய் நேர்கோடாக இருக்கிற மஞ்சள், வாய் கவிழ்ந்த சிவப்பு. ஒவ்வொரு டாக்டரின் கதவுக்கு வெளியிலும் இப்படி ஒன்றை மாட்டியிருந்தார்கள். டாக்டரைப் பார்த்துவிட்டு வெளியே வருபவர், தன் மனநிலை எதுவோ அந்த முகத்தை அமுக்க வேண்டும். மேலே சின்னத் திரையில் அந்த நிறத்தின் எண் ஒன்று ஏறும். மாதக் கடைசியில் நிர்வாகி எண்களைப் பார்த்து, எந்த டாக்டர் எவ்வளவு திருப்தி தருகிறார் என்று தெரிந்துகொள்வார்.

நான் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் எஞ்சினியர். தராசு, அழுத்தமானி, பெட்ரோல் பம்ப் எல்லாம் திறந்திருக்கிறேன். திருப்தியை அளக்கும் கருவியைத் திறந்தது அதுதான் முதல் தடவை. உள்ளே பெரிதாக எதுவும் இல்லை.

அந்தப் பெட்டி எங்கள் மேஜைக்கு எப்படி வந்தது என்று சொல்வதற்கு முன், அம்மாவின் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அம்மா பொது மருத்துவர். காய்ச்சல், தலைவலி, மயக்கம், 'என்னன்னே தெரியல டாக்டர்' எல்லாம் அவளிடம்தான் வரும். வருகிறவர்களில் பெரும்பாலானோருக்குப் பெரிதாக எதுவும் இருக்காது. அதை அவர்களிடம் சொல்வதுதான் தன் தொழில் என்று நினைத்தாள். சும்மா சொல்லமாட்டாள். நாக்கைப் பார்ப்பாள். கண் இமையை இழுத்துப் பார்ப்பாள். கணுக்காலை அமுக்கி, குழி விழுகிறதா என்று காத்திருப்பாள். முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வாள். எல்லாம் முடிந்த பிறகு, "உங்களுக்கு ஒண்ணும் இல்ல" என்பாள். மருந்து எழுதமாட்டாள்.

யாருக்கும் அது பிடிக்கவில்லை.

கால் மரத்துப்போகிறது என்று ஒரு வாத்தியார் வந்தார். பேன்ட் பின்பாக்கெட்டில் இருக்கும் தடித்த பர்ஸை எடுத்துவிட்டு உட்காரச் சொன்னாள். மரத்துப்போவது நின்றுவிட்டது. "இதுக்கா நான் லீவு போட்டுட்டு வந்தேன்?" என்று கத்திவிட்டுப் போனார். கழுத்துவலி என்று வந்த ஒரு பெண்ணின் தோள்பையை வாங்கித் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதுக்குள்ள அம்மிக்கல்லா வெச்சிருக்கீங்க?" என்று கேட்டாள். அந்தப் பெண் ஸ்கேன் எழுதித் தராததற்காக மூன்று மாடி இறங்கும் வரை திட்டிக்கொண்டே போனாள்.

"படிக்கும்போது உயிரக் காப்பாத்தப் போறேன்னு நெனச்சேன்," என்று ஒருநாள் பாத்திரம் துடைத்துக்கொண்டே சொன்னாள். "இப்ப, உயிருக்கு ஒண்ணும் ஆகலன்னு சொல்லிட்டு இருக்கேன். அதுக்குத்தான் திட்டு."

"அப்போ ஏம்மா, ஒரு சத்து மாத்திரை எழுதிக் குடுத்து அனுப்பிட வேண்டியதுதானே?"

"எழுதலாம். சந்தோஷமாப் போவாங்க. எனக்கு அன்னிக்கு சோறு இறங்காது."

ஒண்ணும் இல்லை என்று சொன்ன நாளிலும் அவளுக்குச் சோறு அவ்வளவு சுலபமாக இறங்கியதில்லை. "ஒண்ணும் இல்லைன்னு அனுப்பினவங்க எல்லாம் என் பின்னாடியே வீட்டுக்கு வந்துடறாங்கடி," என்பாள். பாதிச் சாப்பாட்டில் எழுந்து யாருக்காவது போன் செய்வாள். "ஐயா, டாக்டர் பேசறேன். இப்ப எப்படி இருக்கு?" எதிர்முனையில் ஒரு தூக்கக் குரல், "நல்லாத் தூங்கிட்டு இருந்தேன்மா, எழுப்பிட்டீங்க," என்று சலித்துக்கொள்ளும். அதன்பிறகு ரசித்துச் சாப்பிடுவாள். அவளுக்குத் தெரிந்த தொழில் திருப்தி அது ஒன்றுதான்.

இப்படிப்பட்டவளின் கதவில்தான் ஆஸ்பத்திரியிலேயே அதிகப் பச்சை ஏறியது.

யாருக்கும் புரியவில்லை. அம்மாவின் நர்ஸ் கதவோரம் நின்று பார்த்துவிட்டு வந்து சொன்னார்: "வெளிய போய்த் திட்டிட்டுத்தான் மேடம் போறாங்க. பட்டனை இடிக்கிற இடியில சுவர் அதிருது. ஆனா பச்சைதான் ஏறுது." அம்மா யோசித்துவிட்டு, "திட்டறது வாய். அமுக்கறது மனசாட்சி போல," என்றாள். அவள் அதை நம்பினாள் என்று நினைக்கிறேன். நம்ப ஆசைப்பட்டாள்.

வருடக் கடைசியில் அவளுக்கு ஒரு ஷீல்டு கொடுத்தார்கள். குழந்தைத் தலை அளவுக்குக் கண்ணாடியில் ஒரு சிரிக்கும் முகம். அப்பா அதை ஃபிரிட்ஜ் மேல் வைத்தார். அப்பா மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். லென்ஸ் துடைக்கும் துணியால் தினமும் அதைத் துடைத்தார். பால்காரர், கேஸ்காரர், வழி தெரியாமல் வந்தவர் எல்லோரையும் உள்ளே கூப்பிட்டுக் காட்டினார். ஃபிரிட்ஜ் மோட்டார் ஓடும்போதெல்லாம் முகம் நடுங்கியது. சிரிப்பு மட்டும் மாறவில்லை.

நிர்வாகியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நர்ஸ்கள் அவரைப் 'புன்னகை சார்' என்பார்கள். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. அவர் எல்லா டாக்டர்களையும் கூட்டி, உங்கள் ரகசியத்தைச் சொல்லிக்கொடுங்கள் என்று அம்மாவை மேடையேற்றினார்.

"தேவையில்லாத ஊசி போடாதீங்க," என்றாள் அம்மா. "தேவையில்லாத டெஸ்ட் எழுதாதீங்க. நல்லாத் தொட்டுப் பாருங்க. ஒண்ணும் இல்லைன்னா ஒண்ணும் இல்லைன்னு சொல்லுங்க."

"அப்புறம் மேடம்?"

"அவ்வளவுதான்."

"எப்போ சிரிக்கணும்?" என்று நிர்வாகி கேட்டார்.

"வந்தா சிரிங்க."

மற்ற டாக்டர்கள் ஒரு வாரம் முயன்றார்கள். சிவப்பு ஏறியதும் ஊசிக்குத் திரும்பிவிட்டார்கள். பக்கத்து அறை டாக்டர் மட்டும் விடவில்லை. சின்ன வயது, கைக்குழந்தைக்காரர். அம்மா அவரைத் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவாள். அம்மா செய்ததை அப்படியே செய்தார். நாக்கு, இமை, கணுக்கால், முதுகு, ஒண்ணும் இல்லை. மாதாமாதம் அவர் கதவில் சிவப்பு குவிந்தது. ஒரே சுவர், ஒரே முறை. அந்தப் பக்கம் சிவப்பு, இந்தப் பக்கம் பச்சை. ஆகவே கோளாறு அவர் முகத்தில்தான் என்ற முடிவுக்கு நிர்வாகி வந்தார். சிரிப்புப் பயிற்சிக்கு அனுப்பினார். அங்கே ஒரு கைக்கண்ணாடி கொடுத்தார்கள். அதைப் பார்த்து நன்றாகப் பழகிக்கொண்டு வந்து, சிரித்துக்கொண்டே ஒண்ணும் இல்லை என்றார். சிவப்பு இரட்டிப்பானது.

அவரை வேலையில் வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று முடிவு செய்யத் திங்கட்கிழமை கூட்டம் என்று அறிவித்தார்கள்.

அதற்கு முந்தைய வியாழக்கிழமைதான் டிக்கெட் ஐயா கோளாறைக் கண்டுபிடித்தார். அவர் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். நெஞ்சுக்குள் ஏதோ உருளுகிறது என்று வியாழன்தோறும் வருவார். அம்மா வியாழன்தோறும் முழுசாகப் பார்த்துவிட்டு ஒண்ணும் இல்லை என்பாள். அவர் வெளியே போய்ச் சிவப்பை அமுக்குவார். அன்றைக்குக் கண்ணாடி போட்டிருந்ததால் திரையையும் பார்த்திருக்கிறார். போன வேகத்தில் உள்ளே திரும்பி வந்தார்.

"டாக்டரம்மா, நான் சிவப்ப அமுக்கினா பச்சை ஏறுது. இது என்ன நியாயம்?"

"தெரியாம மாத்தி அமுக்கியிருப்பீங்க ஐயா."

"நானா? நீங்களே வந்து பாருங்க."

அம்மா வெளியே போய் அவர் எதிரிலேயே சிவப்பை அமுக்கினாள். பச்சை ஏறியது.

"மூணு மாசமா எனக்குத் திருப்தி இல்லைன்னு சொல்லிட்டு இருக்கேன்," என்றார் அவர். "என் வாக்கு எங்க போச்சு?"

"சரி பண்ணித் தரேன் ஐயா. அடுத்த வியாழக்கிழமை வாங்க. நிர்வாகி முன்னாடியே அமுக்குங்க."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

அவர் போனதும் பெட்டியைச் சுவரிலிருந்து பிடுங்கிச் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். அப்படித்தான் அது எங்கள் மேஜைக்கு வந்தது.

மூடியைத் திறந்தவுடனே தெரிந்துவிட்டது. சிவப்பின் ஒயர் பச்சையின் இடத்தில். பச்சையின் ஒயர் சிவப்பின் இடத்தில். கதவுக்கு இடப்பக்கம் இருந்ததை வலப்பக்கம் மாற்றும்போது யாரோ கழற்றி மாட்டியிருக்கிறார்கள்.

"அப்போ திட்டிட்டுப் போனவங்க எல்லாம்?" என்றாள் அம்மா.

"பச்சை."

"கோவத்துல நாலஞ்சு தடவை இடிச்சவங்க?"

"நாலஞ்சு பச்சை."

அம்மா டார்ச்சைப் பெட்டிக்குள் அடித்து இரண்டு ஒயர்களையும் பார்த்தாள். பிறகு, "மாசாமாசம் எனக்கு அஞ்சாறு சிவப்பு விழுமேடி. அது யாரு?"

"அதுதாம்மா நிஜப் பச்சை. நல்லா இருக்குன்னு நெனச்சவங்க."

அம்மா சிரிக்க ஆரம்பித்தாள். டார்ச் வெளிச்சம் கூரையில் ஆடியது. "அந்த அஞ்சாறு பேர் யாருன்னு கண்டுபிடிச்சு மன்னிப்புக் கேக்கலாம்னு இருந்தேன்டி! ராத்திரியெல்லாம் யோசிச்சேன், யார் மனசப் புண்படுத்தினேன்னு!" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அஞ்சாறு பேரா? நிறையத்தான்."

சத்தம் கேட்டு அப்பா வந்தார். விஷயத்தைச் சொன்னோம். அவர் முதலில் ஃபிரிட்ஜைப் பார்த்தார்.

"இதப் போய்ச் சொல்லணுமா டாக்டரம்மா? யாருக்குத் தெரியப் போகுது?"

"தம்பிக்குத் தெரியாது. அதுக்குத்தான் சொல்லணும். அவன் முகத்துல கோளாறுன்னு அவனே நம்ப ஆரம்பிச்சுட்டான்."

"சொன்னா நீதான் கடைசி."

"ஆமா."

"ஷீல்டு?"

"திருப்பிக் குடுத்துடணும்."

"பால்காரருக்கெல்லாம் காட்டிட்டேனே!"

"அவர்கிட்டயும் போய்ச் சொல்லுங்க."

"ரெண்டு பேரையும் சேர்த்து அனுப்பிட்டா?" என்று நான் கேட்டேன்.

"சேர்ந்து ஒரு கிளினிக் வெப்போம். போர்டுல 'ஒண்ணும் இல்லை'ன்னு எழுதிடுவோம். ஒரு ஈ காக்கா வராது. நிம்மதியா இருக்கலாம்."

என் வேலையில் ஒரு விதி உண்டு. தப்பான கருவியைச் சரிசெய்வதற்கு முன், தப்பு எப்படி இருந்தது என்று படம் எடுத்து வைக்க வேண்டும். போனை எடுக்க எழுந்தேன். "முதல்ல மாத்துடி, ஐயாவுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்," என்று அவசரப்படுத்தினாள். மாற்றினேன். அம்மா சிவப்பை அமுக்கினாள். சிவப்பு ஏறியது. "ஏறுது!" என்றாள், ஏதோ தானே கண்டுபிடித்த மாதிரி. அப்போது டார்ச்சின் பின்பக்கத்தால் இடது தாடையைத் தேய்த்துக்கொண்டாள்.

"என்னம்மா?"

"ஒண்ணும் இல்ல."

மறுநாள் காலை, துணி காயப்போடும்போது, அம்மா இறந்துபோனாள். மாரடைப்பு. வயது ஐம்பத்தொன்று. பக்கெட்டில் பாதித் துணி மிச்சமிருந்தது. அதை அப்பா காயப்போட்டார். அன்றைக்கு அவர் செய்த ஒரே காரியம் அதுதான்.

யாரையும் தொட்டுப் பார்க்காமல் அம்மா ஒண்ணும் இல்லை என்று சொன்னதில்லை. தன் விஷயத்தில் மட்டும் சொல்லிவிட்டாள். அந்த வாரம் முழுக்க எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை. துக்கத்தைவிடக் கோபம்தான் அதிகம் இருந்தது.

புதன்கிழமை ஆஸ்பத்திரி ஹாலில் இரங்கல் கூட்டம். பின்னால் பெரிய திரையில் அம்மாவின் போட்டோ, பக்கத்தில் அவளுடைய பச்சை எண்ணிக்கை. "நம் ஆஸ்பத்திரியில் எல்லோரையும்விட அதிகத் திருப்தி தந்தவர்," என்றார் நிர்வாகி. பயிற்சி ஹாலுக்கு அவள் பெயரை வைப்பதாகச் சொன்னார். மௌன அஞ்சலியின்போது ஸ்டோர்காரர் என் பக்கத்தில் வந்து குனிந்தார். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. கணக்குல ஒரு பெட்டி குறையுது. வீட்டுல இருக்கா?"

பக்கத்து அறைத் தம்பி கடைசி வரிசையில் நின்றிருந்தார். அன்று மட்டும் அவர் சிரிக்காததை யாரும் குறை சொல்லவில்லை. அவரைப் பற்றிய கூட்டத்தை, அம்மாவுக்கு மரியாதையாக, வியாழக்கிழமைக்குத் தள்ளியிருந்தார்கள்.

வியாழக்கிழமை காலை நான் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அப்பா ஷீல்டை லென்ஸ் துணியில் சுற்றிக்கொண்டு பின்னாலேயே வந்தார். கூப்பிடவில்லை, அவராகவே வந்தார். பூட்டிக் கிடந்த அம்மாவின் அறைக்கு வெளியே பெஞ்சில் டிக்கெட் ஐயா உட்கார்ந்திருந்தார். விஷயம் தெரியாதோ என்று பயந்தேன்.

"தெரியும் பாப்பா," என்றார். "ஆனா வியாழக்கிழமையாச்சே. வேற எங்க போறது?"

அவரை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு நிர்வாகியின் அறைக்குள் போனோம். நடந்ததைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, விரலை நீட்டிச் சிவப்பை அமுக்கினார். சிவப்பு ஏறியது.

"சரியாத்தானே இருக்கு?"

"நான் சரி பண்ணிட்டேன் சார்."

"சரி பண்றதுக்கு முன்னாடி?"

"தப்பா இருந்தது."

"போட்டோ இருக்கா?"

இல்லை. நான் ஸ்க்ரூடிரைவரை எடுத்து அவர் கண்ணெதிரிலேயே பெட்டியைத் திறந்து ஒயர்களை மாற்றிக் காட்டினேன். அவர் சிவப்பை அமுக்கினார். பச்சை ஏறியது.

"இது நீங்க இப்ப பண்ணதும்மா," என்றார். அவர் சொன்னதும் சரிதான். "உங்க துக்கம் எனக்குப் புரியுது. ஆனா பெத்த அம்மாவுக்குக் கிடைச்ச நல்ல பேரை எதுக்கு..."

அப்பா ஷீல்டை மேஜையில் வைத்தார். துணியை மட்டும் எடுத்துக்கொண்டார்.

"சார், இத எடுத்துக்கோங்க. என் மனைவி மேல யாருக்கும் திருப்தி கிடையாது. நான் கூட இருந்து பார்த்தவன். கடைவீதியில எல்லாரும் என்கிட்ட வந்துதான் திட்டுவாங்க."

நிர்வாகி ஷீல்டை மேஜை ஓரத்துக்கு நகர்த்தினார். நான் வெளியே போய் டிக்கெட் ஐயாவைக் கூட்டிவந்தேன். அவர் உட்காரவில்லை.

"மூணு மாசமா, வாராவாரம் சிவப்புதான் சார் அமுக்கறேன். எனக்குத் திருப்தி கிடையாது. எழுதிக்கோங்க."

"அப்போ டாக்டர் சரியில்லைன்னு சொல்றீங்களா?"

ஐயா அவரை டிக்கெட் இல்லாத பயணியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"யார் சொன்னா? டாக்டர் தங்கமான டாக்டர். ஒண்ணும் இல்லைன்னாங்க, எனக்கு ஒண்ணும் ஆகல. வாராவாரம் முதுகுல குழாய வெச்சுக் கண்ண மூடிக் கேட்டாங்க. என் வீட்டுல கூட யாரும் அவ்வளவு நேரம் கேட்டதில்ல. டாக்டர் சரி. எனக்குத்தான் திருப்தி இல்ல. அது வேற, இது வேற."

"அப்போ பச்சையத்தானே அமுக்கணும்?"

"திருப்தி இல்லாம எப்படி சார் பச்சைய அமுக்கறது?"

நிர்வாகி நெற்றியைப் பிடித்துக்கொண்டார். நான் ஒயர்களைத் திரும்பச் சரியாக மாட்டி மூடினேன். ஐயா முன்னால் வந்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, சிவப்பை ஒரே ஒரு தடவை அமுக்கினார். ஏறியது. "இப்ப சரி," என்றார். அம்மா கொடுத்த வாக்கு தீர்ந்தது.

எல்லாப் பெட்டிகளையும் கழற்றி நான் சரிபார்த்துத் தர வேண்டும் என்று நிர்வாகி சொன்னார். அதுவரை எந்த எண்ணையும் வைத்து யார் மேலும் நடவடிக்கை இல்லை. தம்பி வேலையில் தொடரலாம், பயிற்சிக் கைக்கண்ணாடியை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஹாலுக்கு அம்மாவின் பெயர் இருக்குமா என்று அப்பா கேட்டார். யோசிக்க வேண்டும் என்றார் நிர்வாகி.

டிக்கெட் ஐயா நேராகப் பக்கத்து அறை வாசலில் போய் நின்றார். நெஞ்சுக்குள் இன்னும் உருண்டுகொண்டிருந்ததாம். ஆனால் தம்பி முதலில் எங்களை உள்ளே கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். அவர் மட்டும் நின்றுகொண்டிருந்தார்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். சனிக்கிழமை சாயங்காலம் மேடம் போன் பண்ணாங்க."

அவள் போன் செய்தது எங்களுக்குத் தெரியாது.

"'தம்பி, திங்கக்கிழமை காலைல நிர்வாகிகிட்ட ஒரு பெட்டியக் குடுக்கணும். குடுத்துட்டு நேரா உன் ரூமுக்கு வரேன். தாடையில ஒரு வலி. வீட்டுல ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டேன். ஆனா பார்க்காம சொன்னது. நீ பார்த்துட்டுச் சொல்லு'ன்னாங்க. தாடை வலி நெஞ்சுல இருந்து வர்றதா இருக்கலாம், இப்பவே கிளம்பி வாங்க மேடம்னு எவ்வளவோ கெஞ்சினேன். 'முதல்ல பெட்டி, அப்புறம் தாடை'ன்னு வெச்சுட்டாங்க."

மேஜை ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் டோக்கன் இருந்தது. ஒன்று என்று போட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை டூட்டியில் இருந்தபோது, விஷயம் தெரிவதற்கு முன், அவர் அம்மாவுக்காக எடுத்து வைத்தது. திரும்ப மற்ற டோக்கன்களோடு சேர்க்க மனம் வரவில்லை என்றார்.

வெளியே வந்தபோது டிக்கெட் ஐயா கையில் இரண்டாம் நம்பர் டோக்கன் இருந்தது. தனக்கு முன்னால் யாருமே இல்லையே, பிறகு ஏன் இரண்டு என்று நர்ஸிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு ஒருத்தருக்கு வெச்சிருக்கோம் ஐயா," என்றார் நர்ஸ். "அவங்க இன்னும் வரல."